ஒழுக்கம் கட்டுப்படியாகுமா? ‘பிக்மேலியன்’ நாடகத்தில் கல்யாணமும் கௌரவமும்

‘பிக்மேலியன்’ என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு வரிக் கதைதான்: தெருவில் பூ விற்கிற பெண்ணுக்கு ஒரு பேராசிரியர் ஆறு மாதத்தில் சீமாட்டி மாதிரிப் பேசக் கற்றுக்கொடுக்கிறார். கல்லூரியில் பாடமாகப் படித்தவர்கள் உச்சரிப்பு, மொழி, வர்க்கம் என்று மூன்று வார்த்தை எழுதிவிட்டு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். பல வருஷம் கழித்து மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் உச்சரிப்பெல்லாம் மேலுக்கு, அடியில் ஓடுவது முழுக்கக் கல்யாணக் கணக்கு என்று உறைத்தது. யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம், யார் கட்டிக்கொள்ளாமலே சேர்ந்து இருக்கலாம், கட்டிக்கொள்ளாவிட்டால் யாருக்கு என்ன போகும், யாருக்கு ஒன்றுமே போகாது. இந்த நாடகத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் இதில் ஒவ்வொரு பார்வை, ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குப் புரிவதே இல்லை.

முதலில் அடிப்படைத் தகவல்களைச் சொல்லிவிடுகிறேன். பெர்னார்ட் ஷா இதை எழுதியது 1912-இல். முதன்முதலில் மேடையேறியது லண்டனில் இல்லை, 1913 அக்டோபரில் வியன்னாவில், அதுவும் ஜெர்மன் மொழியில். லண்டனுக்கு வந்தது 1914 ஏப்ரல் 11 அன்று. பேராசிரியர் ஹிக்கின்ஸாக ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, பூக்காரி எலைசாவாக மிசஸ் பேட்ரிக் கேம்ப்பெல். எலைசாவுக்கு மிஞ்சிப்போனால் இருபது வயது இருக்கும் என்று ஷா எழுதி வைத்திருக்கிறார், நடித்த அம்மாளுக்கு அப்போது 49. கல்யாணத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதால் இதையும் சொல்லிவிடலாம்: அரங்கேற்றத்துக்கு ஐந்தே நாள் முன்புதான் அந்த அம்மாள் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார், மாப்பிள்ளைக்கு முந்தைய மனைவியிடமிருந்து விவாகரத்து கிடைத்த கையோடு.

தலைப்பு ஒரு பழைய கதையிலிருந்து வருகிறது. பிக்மேலியன் என்கிற சிற்பி தான் செதுக்கிய பெண் சிலையின் மேலேயே காதல் கொள்கிறான், தேவதை அதற்கு உயிர் கொடுக்கிறாள், சிற்பி அவளையே மணக்கிறான், சுபம். அந்தப் பெயரை வைத்து, போதாக்குறைக்கு ‘ஐந்து அங்கங்களில் ஒரு காதல் கதை’ என்று கீழே ஒரு வரியும் போட்டுவிட்டு, கடைசியில் கல்யாணம் இல்லாமல் திரையை இறக்கினார் ஷா. குறும்புதான். ஆனால் வெறும் குறும்பு இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

சரி, கௌரவம் என்றால் என்ன? நாம் அந்த வார்த்தையைப் பல அர்த்தத்தில் சொல்கிறோம். இங்கே நான் சொல்வது ‘கௌரவமான குடும்பம்’ என்று சொல்லும்போது வருகிற கௌரவம். ஒருத்தர் உள்ளுக்குள் நல்லவரா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நாலு பேர் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறாரா, வாடகை கொடுக்கிறாரா, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் சுத்தமான சட்டையில் போகிறாரா, வீட்டில் இருக்கிற பெண் தாலி கட்டின பெண்தானா (அவர்களுக்கு மோதிரம்) என்பதுதான் கேள்வி. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் இது கிட்டத்தட்ட ஒரு இரண்டாவது மதமாகவே இருந்தது. ஷா நாடகம் எழுதியபோது ராணி போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தாலும் பழக்கம் போகவில்லை.

இந்தக் கௌரவத்துக்கு ஏழைகள் விஷயத்தில் ஒரு கறாரான பயன் இருந்தது. ஏழைகளை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். உதவி பெறத் தகுதியுள்ள ஏழை, தகுதியில்லாத ஏழை. கணவனை இழந்தவள், நோயாளி, குடிக்காதவன், மாதா கோவில் பக்கம் போகிறவன், முறைப்படி கல்யாணம் ஆனவன் என்றால் தகுதி உண்டு, தர்ம சங்கங்கள் காசு கொடுக்கும். குடித்துவிட்டு, கல்யாணம் இல்லாமல் ஒருத்தியோடு இருக்கிறவனுக்குத் தகுதி கிடையாது, அவனுக்கு அரசாங்கம் நடத்துகிற ஏழை விடுதிதான் கதி. அந்த விடுதி வேண்டுமென்றே கசப்பாக நடத்தப்பட்டது. வெளியே எவ்வளவு மோசமான கூலி வேலை கிடைத்தாலும் அதைவிட உள்ளே இருப்பது மோசமாக இருக்கவேண்டும் என்பதுதான் 1834-ஆம் வருஷச் சட்டத்தின் தத்துவம். ஆக, கல்யாணச் சான்றிதழ் என்பது அங்கே ஒரு ரேஷன் கார்டு மாதிரியும் வேலை செய்தது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் நாடகத்தில் மிக வேடிக்கையான ஆளான ஆல்ஃப்ரெட் டூலிட்டிலைப் புரிந்துகொள்ள முடியும். எலைசாவின் அப்பா. குப்பை வண்டிக்காரர். மகள் ஒரு பணக்கார ஆண் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு இரண்டாம் அங்கத்தில் ஹிக்கின்ஸ் வீட்டுக்கு வருகிறார். மானம் போச்சே என்று கத்தப்போகிறார் என்று நாம் நினைக்கிறோம். அவரும் அந்த மாதிரித்தான் ஆரம்பிக்கிறார், ஆனால் இரண்டே நிமிஷத்தில் பேரம் ஐந்து பவுண்டில் வந்து நிற்கிறது. ஐந்து பவுண்டு கொடுத்தால் மகளை விட்டுவிட்டுப் போய்விடுவாராம். ஹிக்கின்ஸின் நோக்கம் முழுக்கக் கண்ணியமானதுதான் என்று அவருடைய நண்பர் கர்னல் பிக்கரிங் உறுதி சொல்லும்போது, “தெரியுமே, இல்லாவிட்டால் ஐம்பது கேட்டிருப்பேனே” என்கிறார். உனக்கெல்லாம் ஒழுக்கமே கிடையாதா என்று அவர்கள் அதிர்ந்து கேட்க, பதில் வருகிறது: கட்டுப்படியாகாது துரை, என்னை மாதிரி ஏழையாக இருந்தால் உங்களுக்கும் கட்டுப்படியாகாது.

இந்த ‘கட்டுப்படியாகாது’ என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் நாடகம் முழுவதும் திறந்துகொள்ளும் என்பது என் கட்சி. ஒழுக்கத்தை டூலிட்டில் மறுக்கவில்லை, அதைத் தப்பு என்றும் சொல்லவில்லை. விலை சொல்கிறார். நான் தகுதியில்லாத ஏழை, ஆனால் தகுதியுள்ள விதவைக்கு எவ்வளவு பசிக்குமோ எனக்கும் அவ்வளவு பசிக்கும், அவள் ஆறு சங்கத்தில் வாங்குகிறாள், எனக்கு ஒரு இடத்திலும் இல்லை, நடுத்தர வர்க்க ஒழுக்கம் என்பது எனக்கு எதுவும் கொடுக்காமல் இருக்க ஒரு சாக்கு என்று மூச்சுவிடாமல் வாதாடுகிறார். ஹிக்கின்ஸ் சொக்கிப்போய்ப் பத்து பவுண்டாகத் தருகிறேன் என்கிறார். வேண்டாமாம்! பத்து பவுண்டு கையில் இருந்தால் மனுஷனுக்குச் சேமிக்கத் தோன்றிவிடும், அப்புறம் சந்தோஷம் போயிற்று, ஐந்து என்றால் திங்கட்கிழமைக்குள் நானும் என் வீட்டுக்காரியும் குடித்துத் தீர்த்துவிடுவோம், மறுபடி வேலைக்குப் போய்விடலாம். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் எங்கேயோ கௌரவம் ஆரம்பிக்கிறது என்று அந்த ஆளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்து பிக்கரிங் அப்பாவித்தனமாக ஒரு கேள்வி கேட்கிறார். வீட்டுக்காரி என்கிறாயே, அவளை முறைப்படி கல்யாணம் செய்துகொள்ளவேண்டியதுதானே? டூலிட்டில் சொல்கிற பதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நான் எப்பவோ தயார், அவள்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்கிறார். கல்யாணம் ஆகாததால் அவள் மேல் தனக்கு ஒரு பிடியும் இல்லையாம். அவளிடம் நல்ல விதமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது, பரிசு வாங்கித் தர வேண்டியிருக்கிறது, துணிமணிக்கே சொத்து கரைகிறது, சட்டப்படி புருஷனாக இல்லாததால் அவளுக்கு அடிமையாகக் கிடக்கிறேன் என்கிறார். அதோடு ஹிக்கின்ஸுக்கு ஒரு இலவச யோசனையும்: எலைசா சின்னப் பெண்ணாக, விவரம் தெரியாமல் இருக்கும்போதே கட்டிப்போடுங்கள், தள்ளிப்போட்டால் நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள்.

கல்யாணம் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஒரு குப்பைக்காரர் வந்து இல்லை, கல்யாணம் ஆணுக்குத்தான் பாதுகாப்பு, கட்டாமல் இருக்கிறவரை பெண் கையில்தான் கடிவாளம் என்கிறார். இதைச் சிரிப்புக்காக மட்டும் வைத்திருக்கிறார் ஷா என்று ஒதுக்க முடியவில்லை. அன்றைய சட்டத்தைப் பார்த்தால் மனைவியின் நிலைமை அப்படி ஒன்றும் பிரமாதமாக இல்லை. மணமான பெண் தன் சொத்தைத் தானே முழுசாக வைத்துக்கொள்ள 1882-இல்தான் இங்கிலாந்தில் வழி பிறந்தது. மனைவி ஒருமுறை தவறினாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும், கணவன் தவறினால் மட்டும் மனைவிக்கு அது போதாது, கூடவே கொடுமை செய்தான் அல்லது கைவிட்டான் என்று இன்னொன்றையும் காட்டவேண்டும். இது சரியானது 1923-இல். முகம் காட்டாத அந்த வீட்டுக்காரி, மேடைக்கே வராத பெண், இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. ஆனால் அவள் முடிவு சட்டம் தெரிந்தவள் முடிவு மாதிரி இருக்கிறது.

இதற்கு நேர் எதிரே நிற்பவள் இவருடைய சொந்த மகள். முதல் காட்சியிலேயே, காவன்ட் கார்டன் தேவாலய முகப்பில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் எலைசா பயந்து அலறுவது எதற்கு என்று பாருங்கள். யாரோ ஒரு ஆள் தான் பேசுவதை எழுதிக்கொள்கிறான் என்றதும் போலீஸ் ஒற்றன் என்று நினைத்துவிடுகிறாள். பெரிய மனுஷரிடம் பூ வாங்கச் சொன்னது தப்பா, என் ‘கேரக்டரை’க் கெடுத்துத் தெருவில் துரத்திவிடுவார்களே, நான் நல்ல பெண் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அந்த ‘கேரக்டர்’ என்கிற வார்த்தையை நாமும் அதே அர்த்தத்தில், அதே குரலில், பெரும்பாலும் பெண்களைப் பற்றித்தான் பயன்படுத்துகிறோம் என்பதால் தமிழ் வாசகருக்கு இங்கே விளக்கமே தேவையில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேலைக்காரர்களுக்கு முந்தைய எஜமானர் எழுதித் தருகிற நற்சான்றுக் கடிதத்துக்கும் அதே பெயர்தான். கேரக்டர் போனால் பிழைப்பு போகும். இரவு பதினொன்றேகால் மணிக்குத் தெருவில் நின்று ஆண்களிடம் பேசுகிற ஒரு பெண் பூ விற்கிறாளா வேறு எதையாவது விற்கிறாளா என்று போலீஸ்காரன் முடிவு செய்துவிட்டால், மறுபேச்சு கிடையாது.

அதே காட்சியில் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிற ஒரு சங்கதி. வாடகை வண்டி தேடி ஓடிய ஒரு இளைஞன் எலைசாவின் மேல் மோதிவிட, அவள் அவனை ‘ஃப்ரெடி’ என்று சொல்லித் திட்டுகிறாள். அவனுடைய அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, அவன் பெயர் நிஜமாகவே ஃப்ரெடிதான்! உடனே பூவுக்குக் காசு கொடுத்துவிட்டு, என் பையன் பெயர் உனக்கு எப்படித் தெரியும் என்று விசாரிக்கிறார். தெரியாத ஆளை எல்லாம் ஃப்ரெடி, சார்லி என்று கூப்பிடுவது வழக்கம் என்று தெரிந்தபிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வருகிறது. ஒரு பெயரைச் சொன்னதற்கே இவ்வளவு! மிசஸ் ஐன்ஸ்ஃபோர்டு ஹில் என்கிற அந்த அம்மாளும் மகள் கிளாராவும் பழைய பெரிய குடும்பம், கையில் காசில்லை, ஆனால் இல்லை என்று வெளியே தெரியக்கூடாது. வேலைக்குப் போனால் கௌரவம் போய்விடும், போகாவிட்டால் சாப்பாடு இல்லை, கிளாராவுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும், அமைய நாலு விருந்துக்குப் போகவேண்டும், போக நல்ல உடை வேண்டும். இந்த வட்டத்துக்கு வெளியே அவர்களால் யோசிக்கவே முடியவில்லை.

எலைசா ஹிக்கின்ஸ் வீட்டுக்கு வருவது சீமாட்டி ஆக ஆசைப்பட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தெருமுனையில் விற்பதற்குப் பதில் ஒரு பூக்கடைக்குள் நின்று விற்கவேண்டும், அதற்குக் கொஞ்சம் நாசூக்காகப் பேசத் தெரியவேண்டும், அதனால் பாடம் சொல்லிக்கொடு, பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருகிறேன் என்கிறாள். அவளுடைய ஒருநாள் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அது என்று ஹிக்கின்ஸே கணக்குப் போட்டு அசந்துபோகிறார். கல்யாணம் அவள் திட்டத்திலேயே இல்லை. கல்யாணம் ஆயிற்றா என்கிற பேச்சு வரும்போது, என்னை யார் கட்டிக்கப் போறா என்று சிரித்துத் தள்ளிவிடுகிறாள்.

இந்த இடத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற மிசஸ் பியர்ஸ் குறுக்கே வருகிறார். நாடகத்தில் மிக ஒழுங்கான ஆள் இவர்தான், நிஜமான கௌரவத்துக்கு ஷா இவரிடம் மட்டும் மரியாதை காட்டுகிற மாதிரி எனக்குத் தோன்றும். யார் என்றே தெரியாத பெண்ணைத் தெருவிலிருந்து எடுத்துவந்து வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று சண்டை போடுகிறார், அவளுக்கு அப்பா அம்மா உண்டா, அவள் கல்யாணமானவளா, எல்லாம் முடிந்தபிறகு அவள் கதி என்ன என்று கேட்கிறார். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அறிவாளிகள் இரண்டு பேருக்கு அது காதில் விழவில்லை. மூன்றாம் அங்கத்தில் ஹிக்கின்ஸின் அம்மாவும் அதையே கேட்கிறார், இன்னும் கூர்மையாக: சீமாட்டியின் நடை உடை பாவனை எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள், அதை வைத்துக்கொண்டு அவளால் இனி உழைத்துச் சம்பாதிக்க முடியாது, சீமாட்டியின் வருமானம் மட்டும் கொடுக்கவில்லை, அப்புறம்? ஹிக்கின்ஸும் பிக்கரிங்கும் ஏதாவது நல்ல வேலை பார்த்துக்கொடுத்துவிடலாம் என்று முனகிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை எறிந்துவிட்டு ஆம்பளைகளே என்று அலுத்துக்கொள்வதோடு அந்த அங்கம் முடிகிறது.

ஹிக்கின்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமே வேண்டாம் என்கிறவர். ஒரு பெண்ணோடு பழக ஆரம்பித்தால் அவளுக்குப் பொறாமை வந்துவிடுகிறது, எனக்குச் சுயநலமும் சர்வாதிகாரமும் வந்துவிடுகின்றன, அதனால் பிரம்மச்சாரியாகவே இருக்கிறேன் என்கிறார். நேர்மையான பேச்சுதான். ஆனால் அவர் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்ல முடிவது எதனால்? துணி எடுத்துவைக்க, சாப்பாடு போட, சந்திப்புகளை ஞாபகப்படுத்த ஒரு மிசஸ் பியர்ஸ் சம்பளத்துக்கு இருக்கிறார், பிறகு அந்த இடத்தில் எலைசா சம்பளம் இல்லாமலே வந்துவிடுகிறாள். வசதியான ஆண் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தால் அவனை விசித்திரமானவன், மேதை என்பார்கள். கௌரவத்துக்குப் பங்கமில்லை. டூலிட்டில் கட்டாமல் இருந்தால் தகுதியில்லாத ஏழை.

இப்போது நான்காம் அங்கம். என்னைக் கேட்டால் நாடகமே இங்கேதான் இருக்கிறது. பூக்காரியைச் சீமாட்டி என்று ஊரை நம்பவைக்கிறேன் என்று ஹிக்கின்ஸ் பிக்கரிங்கிடம் கட்டியிருந்த பந்தயம் ஜெயித்தாயிற்று, எலைசாவைப் பெரிய விருந்தில் எல்லாரும் உயர்குடிப் பெண் என்று நம்பிவிட்டார்கள். நடு இரவில் வீடு திரும்பிய இரண்டு ஆண்களும் அப்பாடா முடிந்தது, ஒரே போர் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவளைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. அவள் செருப்பை எடுத்து ஹிக்கின்ஸ் மேல் வீசுகிறாள். என்ன ஆச்சு என்று புரியாமல் விழிக்கிற அந்த ஆளிடம், இனி நான் என்ன ஆவேன் என்று கேட்கிறாள். அவர் ஆப்பிள் தின்றுகொண்டே யோசிக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளலாமே, நீ பார்க்க மோசமில்லை, என் அம்மாவிடம் சொன்னால் யாராவது ஒரு மாப்பிள்ளை பார்த்துத் தருவார்.

அதற்கு எலைசா சொல்வது, டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டுத் தெருமுனையில் நாங்கள் இதைவிட மேலாக இருந்தோம். புரியவில்லை என்கிறார் ஹிக்கின்ஸ். பூ விற்றேன், என்னை விற்கவில்லை, இப்போது என்னைச் சீமாட்டி ஆக்கிவிட்டீர்கள், இனி விற்க என்னிடம் வேறு எதுவும் இல்லை என்கிறாள்.

ஒரு நிமிஷம் இங்கே நிற்கலாம். முதல் காட்சியில் ஊரே அவளைச் சந்தேகப்பட்டது, தெருப்பெண், எதை விற்கிறாளோ என்று. அப்போது அவள் தன்னை விற்கவில்லை. கௌரவத்தின் உச்சிக்கு ஏறியபிறகுதான், எல்லாரும் எழுந்து நின்று மரியாதை செய்கிற இடத்துக்கு வந்தபிறகுதான், வசதியான ஒருத்தனுக்குக் கழுத்தை நீட்டுவதைத் தவிரப் பிழைப்புக்கு வேறு வழி இல்லை என்று ஆகிறது. அதற்குப் பெயர் நல்ல இடத்துச் சம்பந்தம். இந்த ஒப்பீட்டை ஷா இருபது வருஷம் முன்பே ‘மிசஸ் வாரன்ஸ் புரொஃபஷன்’ நாடகத்தில் இன்னும் பச்சையாகச் செய்திருந்தார், தணிக்கை அதிகாரி தடை போட்டதால் 1925 வரை இங்கிலாந்தில் அதைப் பொதுமேடையில் போட முடியவில்லை. இங்கே அதே விஷத்தைச் சர்க்கரையில் உருட்டிக் கொடுத்தார், யாரும் தடுக்கவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு லண்டனை அதிரவைத்தது மூன்றாம் அங்கத்தில் எலைசா சொல்லிவிடுகிற ஒரு சின்னக் கெட்டவார்த்தைதான்! பத்திரிகைகள் அதைப் பற்றியே எழுதின. தன்னை விற்பது பற்றி அவள் சொன்னது அந்த அளவுக்கு யாரையும் உறுத்தவில்லை.

அந்த இரவு இன்னொன்றும் கேட்கிறாள். நான் போட்டிருக்கிற உடுப்பெல்லாம் யாருடையது? எனக்கா, அடுத்த பரிசோதனைக்கு எடுத்துவருகிற பெண்ணுக்கா? திருடினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. ஹிக்கின்ஸுக்கு இது நன்றிகெட்டதனமாகப் படுகிறது. அவளுக்கு அது கேரக்டர் விஷயம். பேச்சு, நடை எல்லாம் மாறியும் காவன்ட் கார்டன் பயம் அப்படியே உள்ளே இருக்கிறது.

மகள் மேலே போய் மாட்டிக்கொண்டதைப் பார்த்தோம். ஐந்தாம் அங்கத்தில் அப்பா வந்து நிற்கிறார், பட்டுத் தொப்பி, கோட்டில் பூ, பளபளக்கிற காலணி. முகத்தில் மட்டும் கொலைவெறி. நடந்தது இதுதான்: ஹிக்கின்ஸ் விளையாட்டாக ஒரு அமெரிக்கக் கோடீஸ்வரருக்குக் கடிதம் எழுதி, இங்கிலாந்திலேயே அசலான ஒழுக்கச் சிந்தனையாளர் ஆல்ஃப்ரெட் டூலிட்டில் என்கிற குப்பைக்காரர்தான் என்று சொல்லிவைத்திருக்கிறார். ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கங்களுக்குப் பணத்தை வாரி இறைக்கிற அந்த மனிதர் செத்துப்போகும்போது டூலிட்டிலுக்கு வருஷம் 3,000 பவுண்டு வருகிற மாதிரி உயில் எழுதிவிட்டார், வருஷத்தில் ஆறு முறை வரை கூப்பிட்டால் சொற்பொழிவு செய்யவேண்டும் என்கிற நிபந்தனையோடு.

இப்போது டூலிட்டிலின் புலம்பலைக் கேளுங்கள். யார் கேட்டார்கள் என்னைக் கனவான் ஆக்கச் சொல்லி? சந்தோஷமாக இருந்தேன், சுதந்திரமாக இருந்தேன், தேவைப்பட்டால் எவரிடமும் காசு கறந்தேன், இன்றைக்கு எல்லாரும் என்னிடம் கறக்கிறார்கள். போன வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மூன்று உறவினர்கள் தவிர ஒருத்தரும் கிடையாது, இப்போது ஐம்பது பேர் முளைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டியதுதானே என்று ஹிக்கின்ஸின் அம்மா கேட்கும்போதுதான் வேடிக்கை நின்று வேறு ஒன்று தலைகாட்டுகிறது. துணிச்சல் இல்லை அம்மா என்கிறார். வேண்டாம் என்றால் வயசான காலத்தில் அந்த ஏழை விடுதிதான், அதை நினைத்தால் குலை நடுங்குகிறது. ஐந்து பவுண்டைத் திங்கட்கிழமைக்குள் தீர்த்துவிடலாம். வருஷம் மூவாயிரத்தை எப்படித் தீர்ப்பது? ஒழுக்கம் இப்போது கட்டுப்படியாகிறது, அதனால் தப்பிக்க வழியில்லை.

விளைவு, கல்யாணம். அன்றைக்கே, ஹேனோவர் சதுக்கத்து செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில், லண்டனின் பகட்டான கல்யாணங்கள் அந்தக் காலத்தில் நடந்த இடம் அது. ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றிருந்த அந்த வீட்டுக்காரி எப்படிச் சம்மதித்தாள்? மிரண்டுபோய்விட்டாள் என்கிறார் டூலிட்டில், நடுத்தர வர்க்க ஒழுக்கத்துக்கு இன்னொரு பலி. அவள் எலைசாவைப் பெற்றவள் இல்லை, இரண்டு பேருக்கும் ஆகாது, போனால் அவமானப்படுத்துவாள் என்று மகள் தயங்குகிறாள். பயப்படாதே, இப்போதெல்லாம் யாரிடமும் அவள் வாய் கொடுப்பதே இல்லை, பாவம், கௌரவம் அவள் தெம்பையெல்லாம் உறிஞ்சிவிட்டது என்கிறார் அப்பா. பரிசும் துணிமணியும் கேட்டு ஒரு ஆணை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த பெண், இன்றைக்கு மதிப்பான மனைவி, வாய் திறப்பதில்லை. மேடையில் ஒரு தடவைகூடத் தோன்றாமலேயே அவளுக்கு ஷா ஒரு முழு வாழ்க்கை கொடுத்துவிட்டார்.

எலைசா என்ன செய்கிறாள் என்பதில்தான் ஊருக்கும் ஷாவுக்கும் சண்டை. ஹிக்கின்ஸோடு போக மறுக்கிறாள், முதல் காட்சியில் மோதிய, பிறகு அவள் மேல் மயங்கிப்போன அந்த ஃப்ரெடியைக் கட்டிக்கொள்வேன் என்கிறாள். உதவாக்கரை ஃப்ரெடி உன்னை என்ன ஆக்கிவிட முடியும் என்று ஹிக்கின்ஸ் சீறும்போது, ஒருவேளை நான் அவனை ஏதாவது ஆக்கலாம், ஆனால் ஒருத்தரை ஒருத்தர் ஏதோ ஆக்குவது பற்றி நான் யோசித்ததே இல்லை, நீங்கள்தான் வேறு எதைப் பற்றியும் யோசிப்பதில்லை என்கிறாள். சம்பாதிப்பது தானாக இருக்கும்படியும், உச்சரிப்புப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும்படியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். ஃப்ரெடியிடம் காசு இல்லை என்பதுதான் இந்தச் சம்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விற்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாதே, வாங்குகிறவனிடம் பணமே இல்லையே.

பார்க்க வந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஹிக்கின்ஸாக நடித்த ட்ரீக்கே பிடிக்கவில்லை, திரை விழுவதற்கு முன் எலைசாவுக்குப் பூ எறிந்து காதல் வந்த மாதிரிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஷா கொதித்துப்போனார். அப்புறம் 1916-இல் நாடகத்தின் பின்னால் ஒரு நீண்ட கட்டுரையே எழுதிச் சேர்த்தார்: எலைசா ஃப்ரெடியைத்தான் கட்டினாள், பிக்கரிங் கொடுத்த பணத்தில் பூக்கடை வைத்தார்கள், கணக்கு எழுதத் தெரியாமல் முழித்தார்கள், கிளாராகூடக் கடைசியில் ஒரு அறைகலன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், அதோடு பூக்கடை கௌரவக் குறைச்சல் என்கிற பேச்சு அந்தக் குடும்பத்தில் நின்றது. யாரும் கேட்கவில்லை. 1938-இல் வந்த படமும் 1956-இல் வந்த ‘மை ஃபேர் லேடி’ இசைநாடகமும் எலைசாவை ஹிக்கின்ஸிடமே திருப்பி அனுப்பின. நானும் முதல் தடவை படிக்கும்போது கடைசிப் பக்கத்தில் அதைத்தான் எதிர்பார்த்தேன், மறைப்பானேன்.

முதல்முறை படிக்கிறவர்கள் கடைசி அங்கத்தில் ஒரு சின்ன உரையாடலைத் தவறவிடாதீர்கள், எலைசா - ஹிக்கின்ஸ் பெரிய சண்டைக்குச் சற்று முன்னால் வருகிறது. கல்யாணத்துக்குக் கிளம்புகிற டூலிட்டில், சடங்கை நினைத்தால் உதறலாக இருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று பிக்கரிங்கைக் கேட்கிறார். ஏற்கெனவே ஒருமுறை செய்துகொண்டவர்தானே, எலைசாவின் அம்மாவை மணந்தீர்களே என்கிறார் பிக்கரிங். யார் சொன்னது என்கிறார் டூலிட்டில். யாரும் சொல்லவில்லை, இயல்பாக அப்படித்தான் என்று நினைத்தேன். இயல்பு இல்லை கர்னல், நடுத்தர வர்க்கத்து வழக்கம் அது, என் வழி எப்போதும் தகுதியில்லாத வழிதான் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். எலைசாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்குத் தெரியாது. அவளிடம் சொல்ல எனக்கு எப்போதுமே ஒரு கூச்சம்.